ஜெப அளவீட்டு விவாதம் (1872)

ஜெபத்துக்குக் கடவுள் பதில் தருகிறாரா என்பதை மருத்துவமனை ஒன்றில் எண்களைக் கொண்டு சோதித்துப் பார்க்கலாம் என்ற யோசனை 1872ஆம் ஆண்டு இங்கிலாந்தில் முன்வைக்கப்பட்டது. அந்த யோசனையும் அதைத் தொடர்ந்து எழுந்த கருத்துப்போரும் ஜெப அளவீட்டு விவாதம் எனப்படுகின்றன. இயற்பியலாளர் ஜான் டிண்டால், அறுவை மருத்துவர் ஹென்றி தாம்சன், புள்ளியியலாளர் ஃபிரான்சிஸ் கால்டன் ஆகியோர் ஒரு பக்கம் நின்றனர். இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, அமெரிக்க நாடுகளின் இறையியலாளர்களும் இதழாசிரியர்களும் மறுபக்கம் நின்றனர். சோதனை அப்போது நடத்தப்படவில்லை. ஆனால் ஜெபத்துக்குக் கிடைக்கும் 'பதில்' என்பது எது என்ற பழைய கேள்வியைக் கிறிஸ்தவர்கள் மறுபடியும் தெளிவாகச் சொல்லியாக வேண்டிய நிலையை அது உருவாக்கியது.

பின்னணி

பஞ்சமோ கொள்ளைநோயோ வந்தால் நாடு முழுவதும் ஒரே நாளில் உபவாசமிருந்து ஜெபிக்கும்படி அரசே அறிவிக்கும் வழக்கம் பிரிட்டனில் நெடுங்காலம் இருந்தது. அயர்லாந்தின் உருளைக்கிழங்குப் பஞ்சத்தின்போது 1847 மார்ச் 24 அத்தகைய உபவாச நாளாகக் கடைப்பிடிக்கப்பட்டது. அந்த நாளுக்குப் பிறகும் பஞ்சம் பல ஆண்டுகள் நீடித்தது.

இந்த வழக்கத்தில் முதல் பெரிய விரிசல் 1853இல் தெரிந்தது. காலரா பரவியபோது எடின்பரோவின் பிரெஸ்பிட்டேரியன் குருமார் உபவாச நாள் அறிவிக்குமாறு உள்துறை அமைச்சர் பால்மர்ஸ்டனிடம் கேட்டனர். அவர் மறுத்துவிட்டார். ஏழைகள் வாழும் தெருக்களையும் சாக்கடைகளையும் முதலில் சுத்தம் செய்யுங்கள், அதைச் செய்யாமல் ஜெபித்துப் பயனில்லை என்பதே அவரது விடையின் சாரம். 1860இல் ஓயாத மழை நிற்க ஜெபிக்கும்படி சொல்லப்பட்டபோது, குருவானவரும் நாவலாசிரியருமான சார்லஸ் கிங்ஸ்லி அதற்கு உடன்படாமல், தன் காரணங்களைப் பிரசங்கமாகவே வெளியிட்டார்.

1865இல் வெக்கை நோய் பிரிட்டனின் மாட்டு மந்தைகளை அழித்தது. பேராயரின் ஏற்பாட்டில் ஆலயங்களில் சிறப்பு ஜெபம் வாசிக்கப்பட்டது. அடுத்த ஆண்டு பிப்ரவரியில், நோயுற்ற மாடுகளைக் கட்டாயமாக வெட்டிப் புதைக்கச் சட்டம் வந்தது. அதன் பிறகு நோய் விரைவாக அடங்கியது. ஜெபம் செய்தவர்கள் நன்றி சொன்னார்கள். சட்டத்தை வற்புறுத்தியவர்கள் எரிச்சலடைந்தார்கள். இயற்கை விதிகளில் ஜெபம் குறுக்கிடும் என்பது வெறும் பக்திக் கருத்து அல்ல, இயற்கையைப் பற்றிய ஒரு கூற்று. ஆகவே அது சோதனைக்கு உட்பட்டது என்று டிண்டால் அந்த நாட்களிலேயே பத்திரிகைகளில் வாதிட்டார்.

இளவரசரின் காய்ச்சல்

விவாதத்தைத் தூண்டிய நேரடி நிகழ்வு அரச குடும்பத்தில் நடந்தது. விக்டோரியா அரசியின் மூத்த மகன் எட்வர்டு, 1871 இறுதியில் ஸ்கார்பரோவில் ஒரு பிரபுவின் மாளிகையில் விருந்தினராகத் தங்கித் திரும்பியபின் டைஃபாய்டு காய்ச்சலில் விழுந்தார். மாளிகையின் பழுதான கழிவுநீர் அமைப்பே காரணம் என்று கருதப்பட்டது. அவருடைய தந்தை ஆல்பர்ட் இறந்ததற்கும் அதே காய்ச்சல்தான் காரணமாகச் சொல்லப்பட்டிருந்தது. அவர் இறந்த நாள் 1861 டிசம்பர் 14. பத்தாண்டு கழித்து அதே தேதி நெருங்க, நாடே பதற்றத்தில் ஆழ்ந்தது. டிசம்பர் 10 ஞாயிறன்று ஆலயங்களில் இளவரசருக்காக ஜெபம் ஏறெடுக்கப்பட்டது. டிசம்பர் 14 அன்று அவர் உடல்நிலை தேறத் தொடங்கியது. 1872 பிப்ரவரி 27இல் லண்டன் புனித பவுல் பேராலயத்தில் பெரும் நன்றி ஆராதனை நடந்தது.

அதே மாளிகையில் தங்கியிருந்த செஸ்டர்ஃபீல்டு பிரபுவும், இளவரசருடன் சென்ற பிளெக் என்ற குதிரைக்காரரும் அதே காய்ச்சலால் இறந்தனர். ஒரே மூலத்திலிருந்து வந்த ஒரே நோய். ஒருவர் பிழைத்தார், இருவர் இறந்தனர். தேசமே ஜெபித்தது பிழைத்தவருக்காக. குதிரைக்காரருக்காகவும் அவர் வீட்டார் ஜெபித்திருப்பார்கள் என்பதை நன்றி ஆராதனையின் ஆரவாரத்தில் எண்ணிப் பார்த்தவர்கள் குறைவு.

இளவரசருக்குச் சிகிச்சை அளித்த வில்லியம் கல்லுக்குப் பேரனட் பட்டம் வழங்கப்பட்டது. எனினும் குணமானதற்கான புகழ் குருமாருக்கா மருத்துவர்களுக்கா என்ற முணுமுணுப்பு மருத்துவ வட்டாரத்தில் எழுந்தது. நேர்மையாகப் பார்த்தால், இரு தரப்பின் உரிமைக்கோரலும் உறுதியற்றதே. டைஃபாய்டு கிருமியே 1880இல்தான் கண்டறியப்பட்டது. 1871இல் கவனமான பராமரிப்பு தவிர வேறு மருந்து எதுவும் மருத்துவர்களின் கையில் இல்லை. மருத்துவம் தனித் தொழிலாகவும் அறிவியல் தனி அதிகாரமாகவும் வளர்ந்துகொண்டிருந்த காலத்தில், சமூகம் யாருடைய சொல்லை நம்ப வேண்டும் என்ற போட்டியே இவ்விவாதத்தின் அடியில் இருந்தது என்று வரலாற்றாசிரியர் ஃபிராங்க் டர்னர் 1974இல் எழுதிய கட்டுரையில் வாதிடுகிறார்.

தாம்சனின் யோசனை

1872 ஜூலையில் 'கன்டெம்பரரி ரிவ்யூ' இதழில் பெயரிடப்படாத கடிதம் ஒன்று டிண்டாலின் முன்குறிப்புடன் வெளியானது. அதை எழுதியவர் ஹென்றி தாம்சன் என்பது பின்னர் தெரியவந்தது. சிறுநீர்ப்பைக் கல்லை அகற்றுவதில் ஐரோப்பா முழுவதும் பெயர் பெற்ற அறுவை மருத்துவர் அவர். பெல்ஜியம் அரசர் முதலாம் லியோபோல்டுக்கு அவர் செய்த சிகிச்சை வெற்றி பெற்றது. இந்தக் கடிதம் வந்த அடுத்த ஜனவரியில், நாடிழந்து இங்கிலாந்தில் வாழ்ந்த மூன்றாம் நெப்போலியன் அவருடைய சிகிச்சையில் இருந்தபோது இறந்தார்.

யோசனை எளிமையானது. ஒரு மருத்துவமனை, அல்லது ஒரு வார்டு, தேர்ந்தெடுக்கப்பட வேண்டும். இறப்பு விகிதம் நன்கு அறியப்பட்ட நோய்களால் பாதிக்கப்பட்டவர்கள் அங்கே சிறந்த மருத்துவர்களின் கவனிப்பில் இருக்க வேண்டும். மூன்று முதல் ஐந்து ஆண்டுகள் வரை நாட்டின் விசுவாசிகள் அனைவரும் அந்த ஒரு வார்டுக்காகச் சிறப்பாக ஜெபிக்க வேண்டும். பின்னர் அங்குள்ள இறப்பு விகிதத்தை அதன் முந்தைய கணக்கோடும், பிற மருத்துவமனைகளின் கணக்கோடும் ஒப்பிட வேண்டும்.

கடிதத்தின் தொனி கேலியாக இல்லை. ஜெபத்தின் மதிப்பை உறுதிப்படுத்த விசுவாசிகளுக்கு ஒரு வாய்ப்பு என்றே அது தன்னை அறிமுகம் செய்துகொண்டது. எதிர்த்தரப்பைச் சீண்டியதும் அந்த மரியாதைதான். மறுத்தால் அஞ்சுவதாகப் பொருள். ஏற்றால் கடவுளை ஆய்வுக்கூடத்துக்கு இழுத்ததாகப் பொருள்.

கால்டனின் அட்டவணை

அடுத்த மாதமே 'ஃபோர்ட்நைட்லி ரிவ்யூ' இதழில் ஃபிரான்சிஸ் கால்டன் இன்னொரு வழியைக் காட்டினார். புதிய சோதனை எதற்கு, ஏற்கெனவே உள்ள கணக்குகளே போதும் என்பது அவர் நிலை. ஒவ்வொரு ஆராதனையிலும் நாடு முழுவதும் அரசரின் நீடித்த ஆயுளுக்காக ஜெபம் வாசிக்கப்படுகிறது. அப்படியானால் அரச குடும்பத்தினர் மற்றவர்களைவிட நெடுநாள் வாழ வேண்டும். 1758 முதல் 1843 வரையிலான கணக்கை அவர் எடுத்துக்கொண்டார். முப்பது வயதைத் தாண்டிய ஆண்களில், விபத்தாலும் வன்முறையாலும் இறந்தவர்களைத் தவிர்த்துவிட்டுப் பார்த்தபோது, அரச குடும்பத்தினர் 97 பேரின் சராசரி ஆயுள் 64.04 ஆண்டுகள். குருமார் 945 பேருக்கு 69.49. நிலவுடைமைக் கனவான்களுக்கு 70.22. பட்டியலில் அரச குடும்பமே கடைசி.

அரச வாழ்க்கை இயல்பில் இன்னும் ஆபத்தானது, ஜெபம்தான் அதை ஓரளவு ஈடுகட்டியது என்று ஒருவர் சொல்லலாமே என்ற மறுப்பையும் கால்டனே எழுப்பி, சற்று நையாண்டியுடன் ஒதுக்கினார். ஆயுள் காப்பீட்டு நிறுவனங்கள் வாடிக்கையாளரின் உடல்நலம், பழக்கம் எல்லாவற்றையும் விசாரிக்கின்றன. அவர் ஜெபிக்கிறவரா என்று மட்டும் கேட்பதில்லை என்றும் சுட்டினார். காசை வைத்து முடிவெடுப்பவர்களின் மௌனம் அவருக்குப் பெரிய சான்றாகத் தோன்றியது.

கால்டனின் அட்டவணை கூர்மையானதே தவிர, முழுமையானதல்ல. வழிபாட்டு நூலில் அச்சிட்ட அரச ஜெபத்தை வாரந்தோறும் வாய் வாசிப்பதும், நோயுற்ற குழந்தையின் அருகே தாய் ஜெபிப்பதும் ஒரே செயல் என்று அது எடுத்துக்கொள்கிறது. ஜெபம் மனத்துக்கு அமைதியும் தீர்மானத்துக்கு வலிமையும் தரக்கூடும் என்பதைக் கட்டுரையின் முடிவில் அவரும் மறுக்கவில்லை. 1883இல் வெளியான தன் நூலில் இக்கட்டுரையைச் சேர்த்த அவர், 1907ஆம் ஆண்டுப் பதிப்பில் அதை விட்டுவிட்டார்.

எதிர்வினைகள்

மறுப்புகள் மாதக்கணக்கில் வந்தன. அமெரிக்காவின் பிரின்ஸ்டன் கல்லூரித் தலைவர் ஜேம்ஸ் மெக்காஷ் அக்டோபர் இதழில் பதில் எழுதினார். அன்று இளைஞராக இருந்த உயிரியலாளர் ஜார்ஜ் ரோமனேஸ், பொது விதிகளும் ஜெபமும் முரண்படுவதில்லை என்று வாதிட்டு எழுதிய கட்டுரைக்கு 1873இல் கேம்பிரிட்ஜில் பரிசு பெற்றார். சில ஆண்டுகளிலேயே அவர் தன் நம்பிக்கையை இழந்ததும், இறுதிக்காலத்தில் அதை நோக்கித் திரும்பியதும் தனிக் கதை. விவாதத்தின் முக்கியக் கட்டுரைகள் 1876இல் பாஸ்டனில் தொகுக்கப்பட்டன.

நடைமுறை சார்ந்த மறுப்பே மிக வலுவானது. எல்லா ஆலயங்களிலும் நோயாளிகள் அனைவருக்காகவும் ஏற்கெனவே ஜெபிக்கப்படுகிறது. ஜெபம் சென்றடையாத வார்டு என்று ஒன்று இல்லாதபோது எதோடு எதை ஒப்பிடுவது? இந்த வார்டுக்காக ஜெபி, அடுத்த வார்டை மறந்துவிடு என்று ஒரு கிறிஸ்தவரிடம் சொல்ல முடியுமா? சொன்னாலும், அவர் கேட்கத்தான் முடியுமா?

கடவுளைச் சோதிக்கலாகாது என்ற வேதாகம விதியும் முன்வைக்கப்பட்டது. பாலைவனத்தில் சாத்தான் இயேசுவை ஆலயத்தின் உச்சியில் நிறுத்திக் குதிக்கச் சொன்னபோது அவர் எடுத்துக்காட்டிய விதி அது. ஆனால் இந்த வாதத்தில் ஒரு சிக்கல் உண்டு. அதே வேதாகமத்தில் கிதியோன் தோலை விரித்து வைத்துப் பனியால் கடவுளைச் சோதிக்கிறான். கர்மேல் மலையில் எலியா வெளிப்படையான போட்டியே நடத்துகிறார்.

அதைவிடப் பெரிய சிக்கல் நன்றி ஆராதனை. இளவரசர் பிழைத்ததை ஜெபத்தின் விளைவு என்று நாடறியக் கொண்டாடிய திருச்சபை, சில மாதங்களில், ஜெபத்தின் விளைவை எண்ணிப் பார்க்கக் கூடாது என்றது. நற்செய்தி வந்தால் சான்று, வராவிட்டால் மறைபொருள் என்ற இந்த நிலையை டிண்டால் தரப்பு சுட்டியது நியாயமே. 1872இன் மறுப்புகளில் இக்குற்றச்சாட்டை நேராக எதிர்கொண்டவை சிலவே.

'பதில்' என்றால் என்ன

தாம்சன் எதிர்பார்த்ததைப்போல, கேட்டது கிடைப்பதே பதில் என்று கிறிஸ்தவ மரபு ஒருபோதும் முழுமையாகச் சொன்னதில்லை. கேளுங்கள், தரப்படும் என்னும் வாக்குறுதி நற்செய்தியில் இருப்பது உண்மை. அதே நற்செய்தியில், கெத்செமனே தோட்டத்தில் துன்பக் கிண்ணம் தன்னைவிட்டு நீங்கும்படி இயேசுவே வேண்டுகிறார், அது நீங்கவில்லை. தன் உடலில் இருந்த 'முள்' நீங்க மூன்று முறை வேண்டியதாகப் பவுல் எழுதுகிறார். முள் இருக்க, தாங்கும் கிருபைதான் கிடைத்தது. தாவீது ஏழு நாள் தரையில் கிடந்து வேண்டியும் குழந்தை இறந்தது. அதன் பிறகு அவர் எழுந்து குளித்து உணவு உண்டது அரண்மனையில் இருந்தவர்களுக்கே விளங்கவில்லை.

இம்மரபின் மிக நுட்பமான எடுத்துக்காட்டு புனித அகுஸ்தீனின் தன்வரலாற்றில் உள்ளது. மகன் ஆப்பிரிக்காவை விட்டுக் கப்பலேறக் கூடாதென்று தாய் மோனிக்கா கண்ணீரோடு ஜெபிக்கிறார். மகன் அவரை ஏமாற்றிவிட்டு இரவோடிரவாக இத்தாலிக்குப் போகிறார். அங்கே, மிலான் நகரில்தான், அவர் கிறிஸ்தவராகிறார். தாய் ஆண்டுக்கணக்கில் வேண்டியதும் அதுவே. அந்த இரவு கேட்டதை மறுத்ததன் மூலம், எப்போதும் கேட்டதைக் கடவுள் தந்தார் என்று அகுஸ்தீன் பின்னோக்கிப் பார்த்து எழுதுகிறார். 13ஆம் நூற்றாண்டில் தாமஸ் அக்குவினாஸ் இதையே கோட்பாடாக்கினார். கடவுளின் திட்டத்தை மாற்ற நாம் ஜெபிப்பதில்லை. ஜெபத்தின் வழியாக நிறைவேறும்படி அவர் எதைத் திட்டமிட்டாரோ அதைப் பெறவே ஜெபிக்கிறோம் என்பது அவர் விளக்கம். விதைப்பது அறுவடைக்கு எப்படி ஒரு காரணமோ, அப்படி ஜெபமும் ஒரு காரணம்.

இந்த விளக்கத்துக்கு ஒரு விலை உண்டு. ஆம் என்பதும் பதில், இல்லை என்பதும் பதில், காத்திரு என்பதும் பதில் என்றால், எந்த நிகழ்வும் ஜெபத்துக்கு எதிரான சான்றாகாது. அதே காரணத்தால் எந்த நிகழ்வும் அதற்கு ஆதரவான சான்றும் ஆகாது. இளவரசர் பிழைத்ததும் அதில் அடங்கும். அக்குவினாஸின் வழியில் நிற்பவர் நன்றி சொல்லலாம். பிறருக்கு எதிராக அதை ஆதாரமாக நீட்ட முடியாது.

பிரிஸ்டலின் பதிவேடு

ஆனால் ஆதாரமாக நீட்டியே தீருவேன் என்று வாழ்ந்தவர் ஒருவர் அதே இங்கிலாந்தில் இருந்தார். பிரஷ்யாவில் 1805இல் பிறந்த ஜார்ஜ் முல்லர், பிரிஸ்டல் நகரில் 1836இல் ஆதரவற்ற குழந்தைகளுக்கான இல்லத்தைத் தொடங்கினார். குழந்தைகளின் நலன் தன் இரண்டாவது நோக்கமே என்று அவர் வெளிப்படையாக எழுதினார். யாரிடமும் பணம் கேட்காமல், ஜெபத்தால் மட்டும் ஓர் இல்லம் நடக்க முடியுமென்று காட்டி, கடவுள் இன்றும் பதில் தருகிறார் என்பதை மெய்ப்பிப்பதே முதல் நோக்கம். 1870க்குள் ஆஷ்லி டவுனில் ஐந்து பெரிய கட்டடங்கள் எழுந்தன. 2,050 குழந்தைகளுக்கு அங்கே இடம் இருந்தது.

கேட்டது என்ன, எப்போது கேட்டது, எப்போது கிடைத்தது என்று முல்லர் நாள்வாரியாகப் பதிந்து ஆண்டறிக்கையாக அச்சிட்டார். அந்த அறிக்கையே பணம் கேட்கும் விளம்பரம்தானே என்று விமர்சகர்கள் சொன்னார்கள். அதில் உண்மை இல்லாமல் இல்லை. அதே சமயம், 1841 டிசம்பரில் கையிருப்பு வற்றியிருந்தபோது, வெளியிட வேண்டிய அறிக்கையை அவர் தள்ளிப்போட்டார். அந்த நேரத்தில் வெளியிட்டால் அது கையேந்துவதாகிவிடும் என்பதே காரணம். தன் சோதனையின் ஓட்டையை அவர் அறிந்திருந்தார் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. 1870 பிப்ரவரியில் மனைவி மேரி காய்ச்சலில் இறந்தபோது இறுதிப் பிரசங்கத்தை அவரே செய்தார். அவரைத் தந்ததிலும், நெடுநாள் விட்டுவைத்ததிலும், எடுத்துக்கொண்டதிலும் கடவுள் நல்லவர் என்பதே அதன் மூன்று பகுதிகள். பதிவேடு வைத்தவரும் பதிவேட்டில் அடங்காத ஒன்றையும் பதில் என்றே அழைத்தார்.

பணம் கேட்காமல் ஊழியம் நடத்தும் இந்த முறை சீனாவில் ஹட்சன் டெய்லரின் பணிக்கும், தமிழ்நாட்டில் நெல்லைச் சீமையின் டோனாவூரில் ஏமி கார்மைக்கேல் நடத்திய குழந்தைகள் இல்லத்துக்கும் முன்மாதிரியானது. அயர்லாந்தில் சிறுமியாக இருந்தபோது நீலக் கண்கள் வேண்டுமென்று ஜெபித்து, மறுநாள் காலை கண்ணாடியில் பழுப்புக் கண்களையே கண்டு ஏமாந்த கார்மைக்கேலின் கதை தமிழ்க் கிறிஸ்தவர்களிடையே பரவலாகச் சொல்லப்படுவது. அதே பழுப்புக் கண்கள் இங்கே அந்நியத் தோற்றத்தைக் குறைத்து உதவின என்று கதை முடியும். அவரது பிற்கால வாழ்க்கை அவ்வளவு வசதியாக முடியவில்லை. 1931இல் கீழே விழுந்து காயமடைந்தவர், ஏறத்தாழ இருபது ஆண்டுகள் அறையிலேயே கழித்து 1951இல் மறைந்தார். குணமாக வேண்டிச் செய்த ஜெபங்கள் அவ்வாறு நிறைவேறவில்லை.

பின்னாளைய சோதனைகள்

எழுத்தாளர் சி. எஸ். லூயிஸ் 1959 ஜனவரியில் வெளியான கட்டுரையில் தாம்சனின் யோசனை போன்ற ஒன்றை எடுத்து ஆராய்ந்தார். நோயாளிகள் குணமாவதைக் காட்டிலும் சோதனையின் முடிவை அறிவதே நோக்கமாகிவிட்டால், அங்கே உச்சரிக்கப்படுவது ஜெபமே அல்ல என்றார். ஜெபம் என்பது வேண்டுகோள். வேண்டுகோள் மறுக்கப்படலாம் என்பதே அதை மந்திரத்திலிருந்து பிரிக்கிறது. எலும்புப் புற்றுநோயிலிருந்து எதிர்பாராமல் தேறிய ஒரு பெண்ணைப் பெயர் சொல்லாமல் அக்கட்டுரையில் குறிப்பிட்டு, அதுவும் எதையும் கறாராக நிரூபிக்காது என்று எழுதினார். அந்தப் பெண் அவர் மனைவி ஜாய். அதே ஆண்டு நோய் திரும்பியது. 1960 ஜூலையில் ஜாய் இறந்தார்.

தாம்சன் கேட்ட சோதனை ஒரு நூற்றாண்டுக்குப் பின் அமெரிக்காவில் நடந்தது. சான் ஃபிரான்சிஸ்கோவில் இதய நோயாளிகள் 393 பேரிடம் ராண்டால்ஃப் பைர்டு நடத்திய ஆய்வு 1988இல் வெளியானது. ஜெபிக்கப்பட்ட குழுவுக்குச் சில அளவீடுகளில் நன்மை தெரிந்தது. ஆனால் இறப்பிலும் மருத்துவமனையில் தங்கிய நாட்களிலும் வேறுபாடு இல்லை. ஏராளமான அளவீடுகளைப் பார்த்தால் சிலவற்றில் தற்செயலாகவே வேறுபாடு தெரியும் என்ற விமர்சனம் எழுந்தது.

இவற்றில் பெரியது ஹெர்பர்ட் பென்சன் தலைமையில் நடந்து 2006இல் வெளியான ஆய்வு. ஆறு மருத்துவமனைகளில் பைபாஸ் அறுவை சிகிச்சை செய்துகொண்ட 1,802 பேர் மூன்று குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். ஜெபம் கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம் என்று சொல்லப்பட்ட இரு குழுக்களில், ஜெபிக்கப்பட்டவர்களில் 52 சதவீதத்தினருக்கும் ஜெபிக்கப்படாதவர்களில் 51 சதவீதத்தினருக்கும் சிக்கல்கள் ஏற்பட்டன. நிச்சயமாக ஜெபிக்கப்படும் என்று சொல்லப்பட்ட மூன்றாம் குழுவில் அது 59 சதவீதம். ஜெபக்குழுவை அழைக்கும் அளவுக்குத் தன் நிலை மோசமோ என்ற அச்சமே காரணமாக இருக்கலாம் என்று ஆய்வாளர்களில் ஒருவர் ஊகித்தார்.

ஜெபித்தவர்களுக்கு நோயாளியின் முதல் பெயரும் குடும்பப் பெயரின் முதலெழுத்தும் மட்டுமே தரப்பட்டன. ஜெபத்தில் சேர்க்க வேண்டிய வாசகமும் முன்பே எழுதிக் கொடுக்கப்பட்டது. நோயாளிகளிடம் ஆய்வாளர்கள் இன்னொரு கேள்வியும் கேட்டிருந்தனர். மூன்று குழுக்களிலும் ஏறக்குறைய எல்லாரும், தங்கள் உறவினரோ நண்பரோ எப்படியும் தங்களுக்காக ஜெபிப்பார்கள் என்றே விடையளித்திருந்தனர்.